பட்ஜெட் டியூப் ப்ரீஆம்ப்: இரண்டு வருடங்களுக்கு மேல் கேட்ட பிறகு

டியூப் ப்ரீஆம்ப் (பவர் ஆம்புக்கு முன்னால் நின்று கண்ணாடிக் குழாயால் சிக்னலைப் பெருக்கும் பெட்டி) ஒன்று வாங்கிச் சேர்க்கலாமா என்று யார் கேட்டாலும், ஸ்பீக்கரை ஓட்டும் உங்கள் பவர் ஆம்பில் வால்யூம் குமிழ் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன். எந்த டியூப், எந்த பிராண்டு என்பதெல்லாம் அப்புறம். இரண்டு வருடங்களுக்கு மேலாக மலிவான ஒரு டியூப் ப்ரீஆம்ப் என் சிஸ்டத்தின் நடுவில் தினமும் ஓடுகிறது. அது எப்படி ஒலிக்கிறது என்பதை உள்ளே செருகியிருக்கும் டியூபைவிட, முன்னும் பின்னும் உள்ள கருவிகளோடு அதன் கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, எப்படிப் பங்கிடுகிறோம் என்பதே அதிகம் தீர்மானிக்கிறது. இந்த விஷயத்தைப் பேசுபவர்கள் குறைவு. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் சிஸ்டம் எளிமையானது. கணினியிலிருந்து யுஎஸ்பி டாக் (டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி), அங்கிருந்து ஒரு சிறிய கிளாஸ் டி பவர் ஆம்ப், பிறகு ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். இன்னொரு பக்கம் ரெக்கார்டு பிளேயரும் அதன் மெல்லிய சிக்னலை உயர்த்தும் ஃபோனோ ஸ்டேஜும். பவர் ஆம்பில் ஒரே ஒரு இன்புட்தான் உண்டு. கணினிக்கும் ரெக்கார்டுக்கும் நடுவே மாறும்போதெல்லாம் பின்னால் கைவிட்டு கேபிளைப் பிடுங்கிச் செருக வேண்டியிருந்தது. எனவே ப்ரீஆம்ப் எனக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது. டியூப் மேல் ஆசையும் இருந்தது. இரண்டு இன்புட், பேஸ், ட்ரெபிள், வால்யூம் குமிழ்கள், மேலே எட்டிப்பார்க்கும் இரண்டு 6ஜே1 டியூப், 12 வோல்ட் அடாப்டர். இந்த விலை வரம்பில் கிடைக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை இதே அமைப்புதான்.

6ஜே1 என்பது அமெரிக்க 6ஏகே5-க்கு இணையான சீனத் தயாரிப்பு. ஐரோப்பாவில் இதே வகைக்கு இஎஃப்95 என்று பெயர். இது ஆடியோவுக்காகப் பிறந்த டியூப் இல்லை. உயர் அதிர்வெண் ரேடியோ வேலைக்காக உருவான ஏழு பின் கொண்ட சின்ன பென்டோட் (ஐந்து மின்முனை டியூப்). தரவுத்தாளில் இதற்கு 120, 180 வோல்ட் என்று பிளேட் மின்னழுத்தம் (டியூபின் முக்கிய மின்முனைக்குத் தரும் மின்னழுத்தம்) போட்டிருக்கும். 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் பெட்டிக்குள் அவ்வளவு இருக்காது. என்னுடையதில் அளந்தபோது 30 வோல்ட்டுக்குக் கொஞ்சம் கீழே காட்டியது. டியூபைச் சூடாக்கும் இழைக்கு மட்டும் குறை வைக்கவில்லை. ஒவ்வொரு டியூபுக்கும் 6.3 வோல்ட் வேண்டும், இரண்டையும் தொடராக இணைத்தால் 12.6. 12 வோல்ட் அடாப்டர் அதற்குப் போதும். டியூபின் அடியிலிருந்து வரும் அந்தப் பிரகாசமான ஆரஞ்சு வெளிச்சம் பெரும்பாலும் எல்இடி. இழையின் உண்மையான ஒளி அதைவிட மங்கல், அறையின் விளக்கை அணைத்தால்தான் தெரியும்.

பிளேட் மின்னழுத்தம் இவ்வளவு குறைவு என்பதால் இவை போலி டியூப் ஆம்ப் என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. சில மாடல்களில் பெருக்கும் வேலையை ஆப்-ஆம்ப் சிப் செய்ய, டியூப் பேருக்கு நடுவில் நிற்பது உண்மைதான். ஆனால் என்னுடையது போன்றவற்றில் டியூபே சிக்னலைப் பெருக்குகிறது. குறைந்த மின்னழுத்தத்தில் ஓடுவதால் அதற்கு மூச்சுவிட இடம் கம்மி. சிக்னல் கொஞ்சம் பெரிதானாலே அதன் அலைவடிவம் வளையத் தொடங்கிவிடும். அந்த வளைவுதான் நாம் காசு கொடுத்து வாங்கும் நிறம். அதை எப்போது, எவ்வளவு வரவழைப்பது என்பது நம் கையில் இருக்கிறது.

அதற்கு முன், ஒப்பிட்டுக் கேட்பது பற்றி. ப்ரீஆம்பைச் சேர்த்த முதல் நாள் எல்லாமே உயிரோடு எழுந்து நிற்பதுபோல் இருக்கும். காரணம் டியூப் இல்லை, சத்தம் கூடியிருப்பதுதான். ஒரு டெசிபலுக்கும் குறைவான வித்தியாசம்கூட காதுக்கு "சத்தம்" என்று தெரியாது, "தரம்" என்றே தெரியும். ஆகவே அளந்துதான் ஒப்பிட வேண்டும். 100 ஹெர்ட்ஸ் சைன் ஒலி ஒன்றைக் கணினியில் ஓடவிட்டு, பவர் ஆம்புக்குள் போகும் இடத்தில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளக்கவும். டாக்கை நேரடியாக இணைக்கும்போது என்ன காட்டுகிறதோ, அதே எண் வரும்வரை ப்ரீஆம்பின் குமிழைத் திருப்பி, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடலாம். சாதாரண மீட்டர்கள் அதிக அதிர்வெண்ணில் தடுமாறும், 100 ஹெர்ட்ஸில் நன்றாகவே அளக்கும். இன்னொன்று, பேஸ், ட்ரெபிள் குமிழ்கள் நடுவில் இருக்க வேண்டும்.

இப்படிச் சமன் செய்த பிறகு எனக்குக் கேட்ட வித்தியாசம் சிறியது. அது வழக்கமாக வர்ணிக்கப்படும் "இதமான பேஸ்", "விரிந்த மேடை" எதுவும் இல்லை. தனிக்குரலுக்குக் கொஞ்சம் உடம்பு கூடியது. புல்லாங்குழல் சற்றே அடர்த்தியாகக் கேட்டது. இதற்குக் காரணம் இரண்டாவது ஹார்மானிக். 440 ஹெர்ட்ஸ் சுருதி உள்ளே போனால் அதனுடன் 880 ஹெர்ட்ஸும் மெல்லிதாகச் சேர்ந்து வரும். அது சரியாக ஒரு ஸ்தாயி மேலே, அதே ஸ்வரம். அதனால் இசைக்குப் பகையாகாமல் சுருதியோடு ஒட்டிக்கொள்கிறது. ஆனால் ஒரே நேரத்தில் பல வாத்தியங்கள் பெரிதாக ஒலித்தால் கதை மாறுகிறது. 1000 ஹெர்ட்ஸும் 1100 ஹெர்ட்ஸும் சேர்ந்து உள்ளே போனால் 2000, 2200 மட்டும் வருவதில்லை. இரண்டின் கூட்டலான 2100, கழித்தலான 100 ஆகியவையும் பிறக்கின்றன. இவற்றுக்கும் பாட்டின் சுருதிக்கும் எப்போதும் உறவு இருக்கும் என்று சொல்ல முடியாது. முழு ஆர்கெஸ்ட்ரா உச்சத்துக்குப் போகும்போது லேசாகக் கலங்கியதுபோல் கேட்பது இதனால்தான். வயலின், குரல், பியானோ என்று இரண்டு மூன்று பேர் மட்டும் வாசிக்கும் பதிவுகளுக்கு இந்தப் பெட்டி அருமை. பெரிய குழு இசைக்கு நான் டாக்கையே நேராக இணைத்துக் கேட்கிறேன், அதில் எனக்குத் தயக்கம் எதுவும் இல்லை.

சரி, கெயின் விஷயத்துக்கு வருகிறேன். டாக் வெளியே தருவது 2 வோல்ட். சிடி பிளேயர் காலத்திலிருந்தே அதுதான் வழக்கம். என் பவர் ஆம்ப் முழுச் சத்தத்துக்குக் கேட்பது சுமார் 1 வோல்ட். அதாவது நேராக இணைத்தாலே சிக்னல் தேவைக்கு மேல். இதற்கு நடுவில் மூன்று நான்கு மடங்கு பெருக்கும் ஒரு பெட்டியை வைத்தால் என்னாகும்? வால்யூம் குமிழ், கடிகார முள்போல் பார்த்தால், எட்டு மணி நிலையைத் தாண்டுவதற்குள் வீடு அதிரும். குமிழுக்குள் இருக்கும் மலிவான பொட்டென்ஷியோமீட்டர்கள் (மாறும் மின்தடைகள்) மிக மோசமாக இருப்பது சரியாக அந்த இடத்தில்தான். தொடக்கத்தில் இடது, வலது இரண்டும் சமமாக ஏறுவதில்லை. இரவில் மெதுவாகக் கேட்கும்போது பாடகர் ஒரு பக்கமாக நகர்ந்து நிற்பார். உயர் ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் அருகே காதை வைத்தால் ஸ்ஸ் என்ற இரைச்சலும் இருக்கும்.

இந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் வால்யூம் குமிழ் டியூபுக்கு முன்னால் இருக்கிறது. என்னுடையதிலும் அப்படித்தான். இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். குமிழைக் குறைத்து வைத்திருக்கும்வரை டியூபுக்குப் போகும் சிக்னல் மிகச் சிறியது. அது வளைவதே இல்லை. டியூபுக்காக வாங்கிய பெட்டியில் டியூபின் நிறம் இல்லாமல், அதன் இரைச்சல் மட்டும் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும். "டியூப் ப்ரீஆம்ப் வாங்கினேன், ஒரு மாற்றமும் தெரியவில்லை" என்று சொல்பவர்களில் பலருக்கு இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

தீர்வு பவர் ஆம்பின் குமிழில் இருக்கிறது. அதை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்துவிட்டு, ப்ரீஆம்பின் குமிழைப் பன்னிரண்டு மணி நிலைவரை ஏற்றிக் கேளுங்கள். மூன்று காரியங்கள் ஒரே திருப்பில் நடக்கும். இடது, வலது சமமாகும். டியூபின் இரைச்சல் பவர் ஆம்பின் வாசலிலேயே குறைக்கப்படுவதால் ஸ்பீக்கர் அமைதியாகும். டியூபுக்குள் பெரிய சிக்னல் போவதால் அந்த அடர்த்தியும் வரத் தொடங்கும். இன்னும் ஏற்றினால் ஒரு கட்டத்தில் குரலின் உச்சங்கள் கரகரக்கும். அங்கிருந்து கொஞ்சம் இறங்கி வந்தால் அதுவே உங்கள் இடம். பவர் ஆம்பில் குமிழ் இல்லையென்றால், ஆர்சிஏ ப்ளக்கோடு வரும் 10 டெசிபல் அட்டென்யுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் துண்டு) ஒரு ஜோடி வாங்கி ப்ரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவில் போடலாம். டாக்கின் பக்கம் போட்டால் குமிழ் ஏறும், ஆனால் இரைச்சல் குறையாது, நிறமும் வராது.

பேஸ் குறைந்துவிட்டது என்று புகார் சொல்பவர்கள் பவர் ஆம்பின் இன்புட் இம்பீடன்ஸை, அதாவது உள்ளே வரும் சிக்னலுக்கு அது காட்டும் எதிர்ப்பை, பார்க்க வேண்டும். கிளாஸ் டி ஆம்ப்களில் அது 10 கிலோ ஓம் அளவுக்குத் தாழ்வாக இருப்பது சகஜம். ப்ரீஆம்பின் வெளியீட்டில் டிசியைத் தடுத்து பாட்டை மட்டும் விடும் ஒரு கப்ளிங் கெபாசிட்டர் இருக்கும். அது 1 மைக்ரோஃபாரட் என்றால் 10 கிலோ ஓமோடு சேர்ந்து 16 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலிகளை வெட்டும், கவலையில்லை. அதுவே 0.22 என்றால் 72 ஹெர்ட்ஸிலேயே வெட்டத் தொடங்கிவிடும், பேஸ் கிடாரின் அடிச் சுருதிகள் மெலியும். 47 கிலோ ஓம் இன்புட் உள்ள ஆம்பில் அதே 0.22 பிரச்சினையே தராது. ஒரே பெட்டியை ஒருவர் புகழ்வதற்கும் இன்னொருவர் திட்டுவதற்கும் இந்த ஒரு கணக்கே காரணமாக இருக்கலாம்.

நான் எதிர்பார்க்காமல் அதிகம் பயன்படுத்துவது பேஸ் குமிழை. சத்தம் குறையக் குறைய நம் காது தாழ்ந்த ஒலிகளை இழக்கிறது. ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து வெளியிட்ட விஷயம் இது. இரவில் மெதுவாகக் கேட்கும்போது பேஸை ஒரு சின்ன அளவு ஏற்றினால் பாட்டுக்கு அடித்தளம் திரும்ப வந்துவிடுகிறது. பேஸ், ட்ரெபிள் குமிழ் வைத்த ப்ரீஆம்பை மட்டமாகப் பார்க்கும் பழக்கம் ஆடியோ ஆர்வலர்களிடம் இருக்கிறது. அவர்கள் சொல்வதைக் கேட்டு இந்த வசதியை விட்டுவிடாதீர்கள்.

கூட வந்த அடாப்டர்தான் பெட்டியின் பலவீனமான உறுப்பு. பாட்டு இல்லாத நேரத்தில் மெல்லிய ஒரு விசில் சத்தம் இருந்துகொண்டே இருந்தது. நல்ல லீனியர் அடாப்டர் (டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய வகை) ஒன்றை மாற்றியதும் போய்விட்டது. மாற்றுபவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்கவும். சில மாடல்கள் 12 வோல்ட் டிசி கேட்கும், சில 12 வோல்ட் ஏசி கேட்கும். ப்ளக் இரண்டுக்கும் ஒரே மாதிரி இருக்கும். பெட்டியின் பின்பக்கம் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் செருகினால் உள்ளே எரிந்துவிட வாய்ப்புண்டு. அடாப்டரை மாற்றியும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ஹம் தொடர்ந்தால், கிரவுண்ட் லூப்பை (கருவிகளின் எர்த் இணைப்புகள் சேர்ந்து வளையமாவதை) சந்தேகியுங்கள். ஒவ்வொரு கருவியாகக் கழற்றிப் பார்த்தால் எங்கே என்று தெரிந்துவிடும்.

டியூப் மாற்றிப் பார்ப்பதில் எனக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். 6ஏகே5-இன் உறுதியான வடிவமான 5654 ஒரு ஜோடியும், சோவியத் காலத்து 6ஷ1பி ஒரு ஜோடியும் போட்டுப் பார்த்தேன். 5654-இல் தெளிவாகத் தெரிந்த ஒரே நன்மை, மைக்ரோஃபோனிக் தொல்லை குறைந்தது. முன்பு பெட்டியை லேசாகத் தட்டினால் ஸ்பீக்கரில் டிங் என்று மணி அடித்தது, இதில் அது ஏறக்குறைய இல்லை. குரலிலோ வாத்தியத்திலோ இந்த மூன்று ஜோடிக்கும் நடுவே நம்பிச் சொல்லும்படி வேறுபாடு எனக்குக் கேட்கவில்லை. டியூப் வாங்க ஒதுக்கிய காசை முதலில் அடாப்டருக்கும் அட்டென்யுவேட்டருக்கும் செலவழியுங்கள்.

தினசரிப் பழக்கத்தில் ஒரே ஒரு ஒழுங்கு: போடும்போது ப்ரீஆம்ப் முதலில், அரை நிமிடம் கழித்து பவர் ஆம்ப். அணைக்கும்போது பவர் ஆம்ப் முதலில். மாற்றிச் செய்தால் ஸ்பீக்கரில் டம் என்று ஒரு அடி விழும், ட்வீட்டருக்கு அது நல்லதில்லை.

இரண்டாம் வருடத்தில் வலது பக்கம் மட்டும் அவ்வப்போது பொரியும் சத்தம் வந்தது. இரண்டு டியூபையும் இடம் மாற்றிச் செருகினேன். சத்தம் இடது பக்கம் போய்விட்டால் டியூப் கெட்டுவிட்டது, வலதிலேயே இருந்தால் வேறெங்கோ கோளாறு. எனக்கு இரண்டும் நடக்கவில்லை. கழற்றி மாட்டியதிலேயே சத்தம் நின்றுவிட்டது. பின்களில் படிந்த அழுக்குதான் காரணம். இப்போது எப்போதாவது ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்து, ஆறவிட்டு, டியூபை நேராக மேலே இழுத்துத் திரும்பச் செருகுகிறேன். ஏழு பின்னும் மெல்லிய கம்பிகள், சாய்த்து இழுத்தால் கண்ணாடி விரிசல் விடும். விரிசல் விட்டால் உடனே தெரியும்: கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளிபோல் பூசியிருக்கும் கெட்டர், காற்றுப் பட்டதும் வெள்ளையாக வெளுத்துவிடும். அந்த டியூப் இனி உதவாது. இந்தச் சின்னப் பெட்டியில் 30 வோல்ட்டுக்கு மேல் இல்லாததால் திறந்து பார்க்கப் பயப்படத் தேவையில்லை. முழு மின்னழுத்தத்தில் ஓடும் பெரிய டியூப் ஆம்பில் இதே தைரியம் கூடாது. அங்கே அணைத்த பிறகும் கெபாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னழுத்தம் நின்றிருக்கும்.