காணாமற்போன பையனுக்காகச் சுவரொட்டி அச்சிட்ட கடை: சன்ஷைன் பிளாசா அச்சகம் ஒன்றைப் பற்றி

பென்கூலன் ஸ்திரீட்டில் உள்ள சன்ஷைன் பிளாசா, சிங்கப்பூரில் அச்சு வேலை என்றவுடன் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும் கட்டடம். பெயர் அட்டை, திருமண அழைப்பிதழ், மாணவர்களின் ஆய்வேடு, கண்காட்சிப் பதாகை என எதைக் கேட்டாலும் அங்குள்ள சிறு கடைகளில் ஏதேனும் ஒன்று செய்து தந்துவிடும். அந்தக் கடைகளுள் ஒன்றில்தான், காணாமற்போன என் அக்காள் மகனைத் தேடும் சுவரொட்டிகளை அச்சிட்டோம். இத்தகைய வேலையை யாரிடம் கொடுப்பது, கொடுக்கும்போது எவற்றைக் கவனிப்பது என்று தமிழில் தேடியபோது எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். ஒரு குடும்பத்தின் துயரத்தைக் காட்டித் தம் கடைக்கு விளம்பரம் வர வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். ஆகவே கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை. தேவைப்படுவோர் எனக்குத் தனியாக எழுதினால் சொல்கிறேன்.

பையனுக்குப் பதினாறு வயது. உயர்நிலை நான்கில் படிக்கிறான். வார நாளொன்றின் மாலையில், அக்கா கீழே காப்பிக்கடையில் சாப்பாடு வாங்கிக்கொண்டு மேலே வருவதற்குள் அவன் வீட்டில் இல்லை. கைப்பேசி மின்னூட்டத்தில் இருந்தது. பணப்பை மேசை இழுப்பறையில் இருந்தது. கணக்குப் பயிற்சி நூல் பாதிக் கணக்கில் திறந்தபடி இருக்க, பேனாவின் மூடி பக்கத்தில் கிடந்தது. வெளிக்கதவு முறையாகப் பூட்டப்பட்டிருந்தது. அவனுடைய சாவியும் செருப்பும் மட்டும் இல்லை. வீட்டில் சண்டை நடக்கவில்லை, பள்ளியிலிருந்து புகார் வந்ததில்லை, நண்பர்கள் எவரிடமும் அவன் எதையும் சொல்லியிருக்கவில்லை. அன்றிரவே அக்கம்பக்கக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். இருபத்துநான்கு மணி நேரம் கழித்துத்தான் புகாரை ஏற்பார்கள் என்று உறவினர் சிலர் சொன்னார்கள். சிங்கப்பூரில் அப்படியொரு விதியே கிடையாது. சந்தேகம் வந்த உடனேயே நேரிலோ இணையத்திலோ புகார் செய்யலாம். விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. அவன் ஏன் போனான், எங்கே போனான் என்பதற்கு இதுவரை விடை இல்லை. ஊகங்களை எழுதுவது அவனுக்கு நன்மை செய்யாது என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் இணையவழி அச்சு நிறுவனம் ஒன்றை அணுகினோம். விலை மலிவுதான். ஆனால் நூற்றுக்கணக்கில் அச்சிட்டால்தான் அந்த விலை, வேலை முடியச் சில நாள்கள் ஆகும், பேசுவதற்கு ஆளில்லை. காணாமற்போன ஒருவரைத் தேடும் குடும்பத்துக்கு முதல் நாளின் ஐம்பது பிரதிகள், அடுத்த வாரத்தின் ஐந்நூறு பிரதிகளைவிடப் பயன் தரும். அதனால் நேரடியாக சன்ஷைன் பிளாசாவுக்குப் போனோம்.

கடை சிறியது. இரண்டு அச்சு இயந்திரங்கள், ஒரு வெட்டும் இயந்திரம், ஒரு கணினி. நடுத்தர வயதுடைய சீன அம்மையார் ஒருவரும் வடிவமைப்பாளரான இளைஞர் ஒருவரும் இருந்தார்கள். அக்கா தன் கையால் எழுதியிருந்த குறிப்பை அந்த அம்மையார் நின்றபடியே முழுவதும் படித்துவிட்டு, புகார் கொடுத்தாகிவிட்டதா என்பதைத்தான் முதலில் கேட்டார். கொடுத்துவிட்டோம் என்றதும், காவல்துறையின் தகவல் எண்ணான 1800-255-0000 சுவரொட்டியில் மிகப் பெரிய எழுத்தில் வர வேண்டும் என்றார். பிறகு அக்காவின் குறிப்பில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, அவள் மனம் நோகாதபடி, வேண்டாதவற்றை அடித்து நீக்கிக்கொண்டே வந்தார். அந்த ஒரு மணி நேர வேலைக்காகவே இந்தக் கடையை நான் பரிந்துரைக்கிறேன்.

பையனின் அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, அக்காவின் சொந்தக் கைப்பேசி எண் ஆகிய மூன்றும் முதலில் நீங்கின. காணாமற்போனவரின் சுவரொட்டியைப் பார்த்து, உங்கள் பிள்ளை எங்களிடம் இருக்கிறான், பணம் அனுப்புங்கள் என்று அழைக்கும் மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள். அக்கா இருந்த நிலையில் அப்படி ஓர் அழைப்பை அவளால் தாங்கியிருக்க முடியாது. இதற்கென்றே ஒரு முன்கட்டண சிம் அட்டை வாங்கி, அழைப்புகளை வேறு ஒருவர் எடுக்கும்படி செய்யச் சொன்னார். அந்தப் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். அடுத்து நீங்கியது உடை. சாம்பல் நிறச் சட்டை அணிந்திருந்தான் என்று அக்கா எழுதியிருந்தாள். ஆனால் அவன் வெளியேறியதை வீட்டில் எவரும் பார்க்கவில்லை. உடை உறுதியாகத் தெரியாவிட்டால் போடாதீர்கள், சாம்பல் சட்டை என்று படித்தவர்கள் நீலச் சட்டை போட்ட பையனை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள் என்றார் அந்த அம்மையார். அதற்குப் பதிலாக உயரம், கண்ணாடி, இடப் புருவத்தில் உள்ள தழும்பு, சற்றே முன்குனிந்து நடக்கும் பழக்கம் ஆகியவற்றைப் போட்டோம்.

சன்மானத் தொகை அறிவிக்கலாமா என்ற பேச்சும் எழுந்தது. என் வயதை ஒத்த சிங்கப்பூரர்கள் பலருக்கு, 1986 மே மாதம் காணாமற்போன பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள் இருவரின் முகங்கள் இன்றும் நினைவில் இருக்கும். மெக்டோனல்ட்ஸ் நிறுவனம் 100,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சன்மானம் அறிவித்த பிறகும் அவர்கள் கிடைக்கவில்லை. எங்கள் குடும்பத்தால் தரக்கூடிய தொகை வீண் அழைப்புகளைத்தான் கூட்டும் என்று முடிவு செய்து அந்த வரியைச் சேர்க்கவில்லை.

படத்துக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. அக்கா கொண்டுவந்தது தீபாவளியன்று வேட்டி சட்டையோடு, தலையைப் படிய வாரி, கண்ணாடியில்லாமல் அவன் சிரித்த படம். குடும்பமே விரும்பும் படம் அதுதான். வடிவமைப்பாளர் அதைத் திரையில் வைத்துவிட்டு, அவன் சாதாரண நாளில் மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது எப்படி இருப்பானோ அப்படிப்பட்ட படம் ஒன்று வேண்டும் என்றார். என் கைப்பேசியில், காப்பிக்கடை மேசையில் அவன் எதையோ பார்த்துக்கொண்டிருக்கும் படம் ஒன்று அகப்பட்டது. கண்ணாடி இருந்தது, முடி இப்போதுள்ள நீளத்தில் இருந்தது, முகத்தில் சிரிப்பு இல்லை. அதையே பெரிதாகப் போட்டு, தீபாவளிப் படத்தைக் கீழே சிறிதாகச் சேர்த்தார்.

முதல் சோதனைப் பிரதி வந்தபோது முகம் கறுத்து, கண்களும் புருவமும் ஒரே நிழலாக இருந்தன. நம்மவர்களின் முகத்தை அச்சிடும்போது இது அடிக்கடி நடப்பது. திரையில் தெளிவாக இருப்பது தாளில் மைக்குள் மூழ்கிவிடும். இதற்குப் பல கடைகளில் செய்யும் எளிய பரிகாரம், படம் முழுவதையும் வெளுக்க வைப்பது. அப்படிச் செய்தால் நம் பையன் வேறு யாரோ ஆகிவிடுவான். இந்த இளைஞர் நிறத்தில் கை வைக்காமல், நிழல் விழுந்த பகுதிகளை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாக்கி, மறுபடி அச்சிட்டு, தாளை வாசலுக்கு எடுத்துச் சென்று வெளிச்சத்தில் என் கைப்பேசிப் படத்தோடு வைத்துப் பார்த்தார். புருவத் தழும்பு தனியாகத் தெரியும்வரை அவர் விடவில்லை. சோதனைப் பிரதிகளுக்கு அவர் காசு வாங்கவும் இல்லை.

தமிழில் வந்த சிக்கல் வேறு வகை. சுவரொட்டியை ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் போட வேண்டும் என்று நான் உறுதியாக இருந்தேன். முதியவர்களுக்காக மட்டுமல்ல, தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே புல் வெட்டுபவர்களும், கட்டடம் கட்டுபவர்களும், அடுக்குமாடி புளோக்குகளைப் பெருக்கிச் சுத்தம் செய்பவர்களும், நாம் எழுந்திருப்பதற்கு முன்பே தீவின் மூலைமுடுக்குகளில் வேலையில் இருக்கிறார்கள். ஒரு பூங்காவின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் பையனை முதலில் பார்க்கப்போவது அவர்களாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் (லிட்டில் இந்தியா வட்டாரத்தில்) கூடும் அவர்கள் கையில் தமிழ்த் தாளைக் கொடுப்பதற்கும் ஆங்கிலத் தாளைக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நான் நேரில் பார்த்தேன். தமிழ்த் தாளை நின்று படித்தார்கள், கேள்வி கேட்டார்கள், படம் பிடித்துத் தங்கள் விடுதிக் குழுவில் பகிர்ந்தார்கள்.

ஆனால் நான் அனுப்பிய வாசகம் வடிவமைப்பு மென்பொருளில் ஏறியவுடன் சிதைந்துபோனது. எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றது. ஓகாரத்தின் இரு பகுதிகளும் பிரிந்து தனித்தனியே கிடந்தன. 2017 தேசிய தின அணிவகுப்புக்கான துண்டுப்பிரசுரத்திலேயே தமிழ் எழுத்துகள் இப்படிச் சிதைந்து அச்சாகி, ஏற்பாட்டுக் குழு மன்னிப்புக் கேட்க நேர்ந்தது பலருக்கும் நினைவிருக்கும். அடோபி இல்லஸ்ட்ரேட்டர் என்ற வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான தெரிவை இயக்கிவிட்டுத்தான் தமிழைச் சேர்க்க வேண்டும். இது கடையில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. நான் சொன்ன பிறகுதான் தேடிக் கண்டுபிடித்தார்கள். தமிழ் தெரிந்த ஒருவர் உடன் போகாவிட்டால் சிதைந்த வாசகமே அச்சேறியிருக்கும். இந்தக் கடையில் எனக்குப் பெருங்குறையாகப் பட்டது இதுதான், நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள நாட்டில் அச்சுத் தொழில் செய்பவர்கள் இதை வாடிக்கையாளரிடமிருந்து கற்றுக்கொள்ளும் நிலை இருக்கக் கூடாது. இருந்தாலும் சரிசெய்த பின் அந்த இளைஞர் செய்ததையும் சொல்ல வேண்டும்: தமிழில் ஓர் எழுத்தும் தெரியாத அவர், என் கைப்பேசித் திரையையும் அச்சுப் பிரதியையும் அருகருகே வைத்து, விரலால் தொட்டுத் தொட்டு ஒவ்வோர் எழுத்தின் வடிவத்தையும் ஒப்பிட்டு, “அங்கிள், இந்தப் புள்ளி சரியான இடத்தில் இருக்கிறதா?” என்று கேட்டுக் கேட்டு முடித்தார்.

சீன வாசகத்தை அம்மையாரே எழுதித் தந்தார். மலாய் வாசகத்தைச் சரிபார்க்கக் கடையில் ஆளில்லை. அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் உதவினார்.

தாளைப் பற்றி. அறிவிப்புப் பலகைகளுக்கு ஏ3 அளவும், கையில் கொடுக்க ஏ5 அளவும் எடுத்துக்கொண்டோம். மைத்தெளிப்பு (இங்க்ஜெட்) அச்சு மழையில் கரைந்து ஒழுகக்கூடும் என்பதால் லேசர் அச்சையே அவர்கள் பரிந்துரைத்தார்கள். பளபளப்பான லேமினேஷன் போட்டால் மின்தூக்கித் தளத்தின் குழல்விளக்கு அதில் பிரதிபலித்து முகத்தையே மறைத்துவிடும். ஆகவே பளபளப்பில்லாத வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். அவசர வேலைக்குக் கூடுதல் கட்டணம் உண்டு என்று சுவரில் எழுதியிருந்தது, எங்களிடம் வாங்கவில்லை. மற்றபடி விலை அந்தக் கட்டடத்தின் ஏனைய கடைகளைவிடச் சற்று அதிகம்தான்.

ஒட்டும் இடத்தைப் பற்றியும் அவர்கள்தான் எச்சரித்தார்கள். பதற்றத்தில் இருக்கும் குடும்பம் கண்ட சுவரிலும் விளக்குக் கம்பத்திலும் ஒட்டத்தான் நினைக்கும். ஆனால் 1966-ஆம் ஆண்டின் பொதுச்சொத்துச் சேதச் சட்டத்தின்படி, அனுமதியின்றிச் சுவரொட்டி ஒட்டுவதும் குற்றமே. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் அறிவிப்புப் பலகைகளுக்கு நகர மன்றத்திடம் அனுமதி பெற வேண்டும். காப்பிக்கடை, மளிகைக்கடை, கோயில், பள்ளிவாசல் ஆகியவற்றில் அங்குள்ள பொறுப்பாளர்களிடம் கேட்க வேண்டும். அக்கா குடியிருக்கும் வட்டாரத்தின் நகர மன்றத்துக்கு எழுத வேண்டிய மின்னஞ்சலை அம்மையார் கடையில் உட்கார்ந்தே எங்களோடு சேர்ந்து எழுதினார். தேக்காவில் கேட்ட கடைகளில் பெரும்பாலானவை மறுக்காமல் கண்ணாடிக் கதவிலேயே இடம் கொடுத்தன. ஒரு பூக்கடைக்காரர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “அம்மா எப்படி இருக்காங்க?” என்று விசாரித்த பிறகே எங்கே ஒட்டலாம் என்று காட்டினார்.

இரண்டாம் முறை அச்சிடப் போனபோது, கோப்பை அவர்கள் பத்திரமாக வைத்திருந்ததால் வேலை உடனே முடிந்தது. படத்தையும் அவன் காணாமற்போன தேதியையும் மாற்றாமல் அப்படியே விட்டார்கள். சுவரொட்டி பழையதாகத் தெரிந்தால் பையன் கிடைத்துவிட்டான் என்று மக்கள் எண்ணிக்கொள்வார்கள் என்பதால், “இன்னும் தேடுகிறோம்” என்ற வரியை மேலே சேர்க்கச் சொன்னது அந்த அம்மையார்தான். சேர்த்தோம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை. சனிக்கிழமை பிற்பகலுக்குள் போய்விடுங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அதன் தரம் குறைந்துவிடும். மின்னஞ்சலில் இணைத்தோ விரலியில் (யுஎஸ்பி) போட்டோ அசல் கோப்பையே கொடுங்கள். தமிழ் வாசகத்தை யூனிகோடில் தட்டச்சு செய்து, கூடவே அதன் பிடிஎஃப் வடிவத்தையும் கொண்டுபோங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். பிள்ளையின் தாயை அழைத்துச் செல்லாமல் இருக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால், படத்தைத் திரையில் பெரிதாக்கித் திருத்தும் நேரத்தில் அவரை வெளியே தேநீர் குடிக்க அழைத்துப்போக உடன் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள்.