சிங்கப்பூர் எஃப்1 பேக்கேஜ் எடுப்பவர்கள் கவனத்துக்கு: முதலில் டிராக் மேப்பைப் பாருங்கள்

சிங்கப்பூர் கிராண்ட் பிரிக்ஸ் (எஃப்1, அதாவது ஃபார்முலா 1 கார் பந்தயம்) பார்க்க ஏஜென்ட்டிடம் பேக்கேஜ் எடுக்க நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் இதை ஒரு முறை படித்துவிடுங்கள். 2024 செப்டம்பரில் நானும் என் தம்பியும் போனோம். மூன்று நாளும் கிராண்ட்ஸ்டாண்ட் சீட், டிராக்குக்கு நடந்தே போகிற தூரத்தில் ஹோட்டல், ஏர்போர்ட்டில் வண்டி என்று பேசி, ஆறு மாதம் முன்னாலேயே முழுப் பணத்தையும் கட்டியிருந்தேன். கிடைத்தது வெள்ளிக்கிழமைக்கு மட்டும் செல்லுபடியாகும் இரண்டு டிக்கெட். அதிலும் சீட் கிடையாது. ஹோட்டலும் இல்லை, வண்டியும் இல்லை. ஞாயிறு நடந்த பந்தயத்தை லிட்டில் இந்தியாவில் ஒரு சின்ன அறையில், டிவியில் பார்த்தோம்.

தம்பிக்குப் பள்ளி நாளிலிருந்தே எஃப்1 டிரைவர் டேனியல் ரிக்கார்டோ என்றால் உயிர். அவர் ரெட் புல் அணியில் ஓட்டியபோது இவனும் ரெட் புல், ரெனோவுக்குப் போனால் ரெனோ, மெக்லாரன் என்றால் மெக்லாரன். 2021-ல் இத்தாலியின் மோன்சாவில் அவர் ஜெயித்த அன்று வீட்டில் யாரையும் தூங்க விடவில்லை. 2024-ல் அணியில் அவருடைய இடம் போய்விடும் என்ற பேச்சு சீசன் முழுக்க ஓடிக்கொண்டே இருந்தது. தம்பி அதைப் பற்றி அதிகம் பேசமாட்டான், ஆனால் தினமும் செய்தி தேடிப் படிப்பான். அவர் ஓட்டும்போதே ஒரு முறை நேரில் காட்டிவிட வேண்டும் என்று நான் முடிவு செய்தேன். அவனுக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்தேன். அதனால்தான் ஏஜென்ட் அனுப்பிய காகிதம் எதையும் அவனிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் பிடித்திருப்பான்.

ஏஜென்ட் பேசியதெல்லாம் தேன். "பே கிராண்ட்ஸ்டாண்ட் மேடம். மெரினா பே முழுக்கக் கண்ணு முன்னாடி தெரியும். இதைவிட நல்ல எடமே கிடையாது." மேப்பில் அந்த இடத்தை வட்டம் போட்டு அனுப்பினார். கார்டில் கட்டுகிறேன் என்றேன். "கார்டுன்னா எங்களுக்கு சார்ஜ் ஆகும் மேடம். அக்கவுண்ட்டுக்கே போட்டுடுங்க, அஞ்சு பர்சென்ட் குறைச்சுக்கிறேன்" என்றார். அந்த ஐந்து பர்சென்ட்டுக்காகப் பேங்க் டிரான்ஸ்ஃபர் செய்தேன். அதற்கு என்ன விலை கொடுத்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

டிக்கெட் எப்போது வரும் என்று ஜூனில் கேட்டேன், ஜூலையில் கேட்டேன், ஆகஸ்ட்டில் கேட்டேன். "கடைசி வாரத்துலதான் மேடம் ரிலீஸ் பண்ணுவாங்க, எல்லாருக்கும் அப்படித்தான்." இடையில் எஸ்ஜி அரைவல் கார்டு (சிங்கப்பூருக்குள் நுழைய நிரப்ப வேண்டிய படிவம்) போட்டுத் தருவதற்கு என்று ஆளுக்கு ஒரு தொகை வாங்கினார். தெரிந்துகொள்ளுங்கள், அந்த கார்டுக்கு ஒரு காசு கிடையாது. சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையின் தளத்தில், போய் இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் நாமே நிரப்பிக்கொள்ளலாம். பத்து நிமிட வேலை. இலவசமாகக் கிடைப்பதற்குக் காசு கேட்கும் ஆளிடம் மற்றதையும் நம்பக்கூடாது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஃபைலைத் தம்பியிடம் கொடுத்தேன். அவன் மேப்பை மடியில் விரித்து, விரலால் டிராக்கை ஓட்டிக்கொண்டே வந்தான். ஸ்டார்ட், முதல் திருப்பம், ராஃபிள்ஸ் புல்வார்டு, பாடாங் திடல், ஆண்டர்சன் பாலம். பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் விரல் நின்றது.

"அக்கா, இது பழைய மேப்."

எனக்குப் புரியவில்லை. அவன் நிதானமாகச் சொன்னான். மெரினா பேயில் மிதக்கும் மேடை இருந்த இடத்தை இடித்து என்எஸ் ஸ்கொயர் என்று புதிதாகக் கட்டுகிறார்கள். அதற்காக 2023-லேயே 16 முதல் 19 வரையான நான்கு திருப்பங்களை எடுத்துவிட்டு, அந்தப் பகுதியை நேர் ரோடாக்கிவிட்டார்கள். 23 திருப்பம் இருந்த டிராக் 19 ஆகிவிட்டது. 5.063 கிலோமீட்டர் 4.940 ஆகிவிட்டது. 61 லேப் 62 ஆகிவிட்டது. "2012-ல நரேன் கார்த்திகேயன் கார் செவுத்துல மோதுச்சே, ஸ்டாண்டுக்கு அடியில, அந்த எடமெல்லாம் இப்ப டிராக்லயே இல்லக்கா. நமக்கு எங்க சீட்டுன்னு சொன்னாங்க?"

"பே கிராண்ட்ஸ்டாண்ட்."

அவன் ஒன்றும் பேசவில்லை. மேப்பை மடித்து ஃபைலில் வைத்தான். "ஒருவேளை பேரு மட்டும் பழசா இருக்கும்க்கா, வேற ஸ்டாண்டா இருக்கும்" என்றான். எனக்கு ஆறுதலாகத்தான் சொல்கிறான் என்று தெரிந்தது.

சாங்கி ஏர்போர்ட்டில் முக்கால் மணி நேரம் நின்றோம். பெயர்ப் பலகையோடு யாரும் வரவில்லை. டாக்சி பிடித்து ஹோட்டலுக்குப் போனால், ரிசப்ஷனில் இருந்த பெண் புக்கிங் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு, இது செப்டம்பர் 9-ஆம் தேதியே கேன்சல் ஆகிவிட்டது என்றார். நான் கன்ஃபர்மேஷன் காகிதத்தைக் காட்டினேன். அவர் அதில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். இலவசமாக ரத்து செய்துகொள்ளலாம், பணம் ஹோட்டலில் செலுத்த வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தது.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் எஃப்1-க்கு மட்டும் இல்லாமல் எல்லாப் பயணத்திலும் இதைச் செய்கிறார்கள். ஏஜென்ட் ஒரு காசு கட்டாமல் ரூம் புக் செய்கிறார். கன்ஃபர்மேஷன் உடனே வருகிறது, அதில் நம் பெயர் இருக்கிறது, எண் இருக்கிறது. நாமே ஹோட்டலுக்கு போன் செய்து கேட்டால்கூட ஆமாம், புக்கிங் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அதைக் காட்டி நம்மிடம் முழுப் பணத்தையும் வாங்கிவிட்டு, இலவசக் கெடு முடிவதற்குள் ரத்து செய்துவிடுகிறார். அதனால் புக்கிங் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு விடாதீர்கள். பணம் கட்டியாகிவிட்டதா என்று கேளுங்கள். புறப்படுவதற்கு முந்தின நாளும் ஒரு முறை கேளுங்கள்.

பந்தய வாரத்தில் மெரினா பே பக்கம் ரூம் விலை கேட்கவே முடியாது. எப்படியோ லிட்டில் இந்தியாவில் ஒரு அறை கிடைத்தது. ஜன்னல் கிடையாது. நான்கு இரவுக்குக் கொடுத்த பணத்தில், கையில் வைத்திருந்ததில் முக்கால்வாசி போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் ஏஜென்ட்டிடமிருந்து ஒரு பிடிஎஃப் வந்தது. சோன் 4 வாக்கபவுட், அன்று ஒரு நாளுக்கு மட்டும். வாக்கபவுட் என்றால் உட்கார இடம் கிடையாது. அந்த சோனுக்குள் நடந்து, வேலியோரம் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே நின்று பார்க்க வேண்டும். அதில் தவறில்லை, அதையே விரும்பி எடுப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் நான் கட்டியது மூன்று நாள் கிராண்ட்ஸ்டாண்ட் பணம். போன் செய்தேன். "சனி, ஞாயிறு டிக்கெட் சாயங்காலம் வந்துடும் மேடம், நீங்க போய் எஞ்சாய் பண்ணுங்க" என்றார்.

சரி என்று போனோம். ஸ்கேனரில் டிக்கெட்டை வைக்கும்போது என் கை நடுங்கியது. இதுவும் போலியாக இருக்குமோ என்று. பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே பாடாங் ஓரமாக வேலிப் பக்கம் நான்கு வரிசைக்கு ஆட்கள் நின்றார்கள். தம்பி ஒரு இடுக்கில் தலையை நுழைத்து நின்றுகொண்டான். முதல் கார் செயின்ட் ஆண்ட்ரூஸ் ரோட்டில் போனபோது, சத்தம் முதலில் நெஞ்சில்தான் விழுந்தது. டிவியில் இரவுப் பந்தயம் எத்தனை பார்த்திருந்தாலும், விளக்கு வெளிச்சத்தில் காரின் அடித்தட்டு தரையில் உரசித் தீப்பொறி பறப்பதை நேரில் பார்ப்பது வேறு. ரிக்கார்டோவின் கார் வரும்போதெல்லாம் தம்பி என் கையைப் பிடித்துத் திருப்பினான். கண்ணுக்குத் தெரிவது ஒரு நொடிதான். ஒவ்வொரு முறையும் "பாத்தியாக்கா, பாத்தியா" என்றான். அந்த ஒன்றரை மணி நேரத்தை நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

சாயங்காலம் டிக்கெட் வரவில்லை. சனிக்கிழமை ஏஜென்ட்டின் போன் சுவிட்ச் ஆஃப். ஆபீஸ் எண்ணில் யாரும் எடுக்கவில்லை. கவுன்ட்டரில் போய்க் கேட்டோம்; ஞாயிற்றுக்கிழமைக்கு இருந்தது எதுவும் எங்களிடம் மிச்சமிருந்த பணத்துக்கு எட்டவில்லை. கடன் அட்டையில் போடலாம் என்றேன். தம்பி கேட்கவே இல்லை. "ஏற்கெனவே நிறையப் போயிடுச்சுக்கா, வேணாம்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

ஞாயிறு இரவு 8 மணிக்கு அந்த ஜன்னல் இல்லாத அறையில் பந்தயம் பார்த்தோம். லாண்டோ நோரிஸ் முதலிலிருந்து கடைசி வரை முன்னாலேயே ஓடி ஜெயித்தார். ரிக்கார்டோ 18-ஆவது. பந்தயம் முடியும் நேரத்தில் அன்றைய அதிவேக லேப்பைப் போட்டார். பேட்டியில் அவர் கண் கலங்கியிருந்தது. நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 26-ஆம் தேதி, மீதிப் பந்தயங்களில் அவருக்குப் பதில் லியாம் லாசன் ஓட்டுவார் என்று அறிவிப்பு வந்தது. அதுதான் அவருடைய கடைசி எஃப்1 பந்தயம். டவுன்டவுன் லைன் மெட்ரோவில் ஏறினால் நான்காவது ஸ்டேஷன் கூட வராது, டிராக்குக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தோம். இதை எழுதும்போதும் என் வயிறு எரிகிறது. பணம் திரும்ப வந்தாலும் வரலாம், அந்த ஞாயிற்றுக்கிழமை வராது.

ஊர் திரும்பிய பிறகு, பயணத் தொழிலில் இருக்கும் ஒருவர் எனக்கு இது எப்படி நடக்கிறது என்று விளக்கினார். கையில் டிக்கெட் இல்லாமலேயே விற்பார்கள். பிறகு எங்கேயாவது குறைந்த விலையில் கிடைத்தால் வாங்கிக் கொடுப்பார்கள், கிடைக்காவிட்டால் கிடைத்ததைத் தந்து சமாளிப்பார்கள். அதற்கு வசதியாக ரசீதின் பின்பக்கம் ஒரு வரி இருக்கும். என் ரசீதிலும் இருந்தது: "இருக்கைகள் இருப்பைப் பொறுத்தவை, தேவைப்பட்டால் ஈடான மாற்று வழங்கப்படும்." புகார் கொடுத்தபோது அவர்கள் காட்டியது அந்த வரியைத்தான். மூன்று நாள் கிராண்ட்ஸ்டாண்டுக்கு ஒரு நாள் வாக்கபவுட் ஈடாம்.

நீங்கள் போவதாக இருந்தால், பந்தய அமைப்பாளர்களின் தளத்திலேயே நேரடியாக வாங்குங்கள். ஏஜென்ட் வழியாகத்தான் வேண்டும் என்றால், அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர்களின் பட்டியல் அதே தளத்தில் இருக்கிறது. அதில் பெயர் இல்லாதவரிடம் போகவே வேண்டாம். கிராண்ட்ஸ்டாண்ட் என்று சொன்னால் எந்த ஸ்டாண்ட், எந்த வரிசை, எந்த சீட் எண் என்று எழுத்தில் கேளுங்கள், அந்த ஸ்டாண்டின் பெயர் இந்த வருட மேப்பில் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள். எத்தனை நாளுக்கு என்பதும் எழுத்தில் வேண்டும். பணத்தைக் கார்டில்தான் கட்டுங்கள், அவர்கள் எவ்வளவு குறைத்தாலும் சரி. கார்டில் கட்டியிருந்தால், சொன்ன பொருள் வரவில்லை என்று வங்கியிடம் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தைத் திருப்பித் தரும் முறை) கேட்டிருக்கலாம். நான் என் கையால் டிரான்ஸ்ஃபர் செய்ததால் வங்கி கையை விரித்துவிட்டது. அந்த ஐந்து பர்சென்ட்டின் விலை அதுதான்.

நுகர்வோர் வழக்கு போட்டிருக்கிறேன். அது நடப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, கேட்டும் அனுப்பாதீர்கள். ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், வட்டம் போட்ட மேப், ஹோட்டல் கொடுத்த ரத்துச் சான்று எல்லாம் கொடுத்திருக்கிறேன். ஹோட்டலில் அந்தப் பெண் கேட்காமலேயே ரத்தான தேதியை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வழக்கில் இப்போது எங்களுக்குப் பெரிய பலம் அந்த ஒரு தாள்தான்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போன வாரம் தம்பி ஒரு விளம்பரத்தை எனக்கு அனுப்பினான். அதே நிறுவனம், அடுத்த சீசனுக்கான பேக்கேஜ், முன்பதிவுக்குச் சலுகை. பெரிதாக்கிப் பார்த்தேன். அதே 23 திருப்ப மேப். பே கிராண்ட்ஸ்டாண்டைச் சுற்றி அதே சிவப்பு வட்டம்.