எருசலேம் கூட்டிட்டுப் போறேன்னு 85,000 வாங்கின ஜெப வீடு: களியக்காவிளை பக்கம் உள்ளவங்க வாசிங்க

களியக்காவிளை, பாறசாலை, குழித்துறை பக்கம் இருக்கிறவங்க இதை முழுசா வாசிங்க. ஆத்திரத்துல டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருக்கும். எங்க அம்மைகிட்ட 85,000 ரூபாய் வாங்கின ஒரு பாஸ்டர் இப்போ போனையே எடுக்க மாட்டேங்கிறார். கேஸ் குடுக்கப் போறதால பெயர் போடல. தமிழ்நாடு எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளாவுல வாடகை மாடியில நடக்கிற ஜெப வீடு, எந்தச் சபையோடயும் சேராதது.

அம்மை அண்டி ஆபீஸ்ல, அதாவது முந்திரி ஆலையில, அண்டி (முந்திரிக்கொட்டை) உடைச்சே காலத்தைக் கழிச்சவங்க. அந்த எண்ணெய் பட்டு விரல் நுனி எல்லாம் கறுத்துக் கிடக்கும். வேலை விட்டப்போ கிடைச்ச கிராஜுவிட்டிதான் இந்தப் பணம். சாகறதுக்கு முன்னே யோர்தான் ஆத்துல கால் வைக்கணும்னு ஒரே ஆசை.

அந்த ஆள் வீட்டுக்கு வந்தார். நாற்காலி போட்டா வேண்டாம்னு தரையில உக்காந்தார். அம்மையோட கையைப் பிடிச்சுப் பாத்துட்டு, "அம்மச்சி, இந்தக் கை எருசலேம் மதிலைத் தொடாம தேவன் விடமாட்டார்"னு சொல்லி அழுதார். நிஜக் கண்ணீர், நானே பாத்தேன். அப்புறம் கணக்கு சொன்னார். இஸ்ரேல், எகிப்து, ஜோர்டான் பத்து நாள், மொத்தம் 1,22,000. அதுல 37,000 தமிழ்நாடு அரசு மானியம், அதை நாங்களே வாங்கிக்கிடுவோம், நீங்க 85,000 தந்தா போதும்னார். ரொக்கமாக் கேட்டார். பணக்கட்டை வேதப்புத்தகத்து மேல வச்சு கண்ணை மூடி ஜெபம் தொடங்கிட்டார். கண்ணீரோட ஜெபிக்கிற ஆளுகிட்ட ரசீது கேக்க யாருக்கு நாக்கு வரும்? அந்தக் கூச்சத்தைத்தான் முதலாப் போட்டுத் தொழில் நடத்துறார் இவர்.

பிறகு ஒரு ரசீது வந்தது. அதுல "கட்டிட நிதி"ன்னு எழுதியிருந்தது. கேட்டா, "அது ஆபீஸ் பார்மாலிட்டி பிரதர்".

அடுத்து விசா லேட். அதுக்கப்புறம் அங்கே யுத்தம், தேவன்தான் உங்களைப் போகவிடாமக் காத்தார், ஸ்தோத்திரம் பண்ணுங்க. சரி, பணத்தைத் தாங்கன்னா பணம் திருவனந்தபுரத்துல ட்ராவல்ஸ்காரர் கையில. ட்ராவல்ஸ் நம்பர் கேட்டா உபவாச ஜெபத்துல இருக்கேன். கடைசியா ஒரு வாய்ஸ் மெசேஜ்: அபிஷேகம் பண்ணப்பட்டவனைத் தொடாதே, தேவனுக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேட்டா வேதத்துல செத்து விழுந்த அனனியா சப்பீராள் தம்பதி கதிதான். அண்டி உடைச்ச கிழவிக்கு இந்த மிரட்டல்! அனனியா செத்தது காசைத் திருப்பிக் கேட்டதுக்கா? பணத்துல பொய் சொன்னதுக்கு. நிலத்தை வித்த பிறகும் அந்தப் பணம் உன் வசத்துலதானே இருந்ததுன்னு பேதுரு அவனைக் கேட்டதை இவர் ஒரு நாளும் பிரசங்கிக்க மாட்டார்.

நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ்ல சிறுபான்மையினர் நலப் பிரிவுல விசாரிச்சேன். அரசு மானியம் 37,000, கன்னியாஸ்திரிகளுக்கு 60,000. அது பயணத்தை முடிச்சுட்டு வந்த பிறகு, போனவங்க பேங்க் கணக்குல நேரா விழும். நடுவுல பாஸ்டரும் கிடையாது, ஏஜெண்டும் கிடையாது. அப்போ முதல் நாள் சொன்ன கணக்கே பொய்.

எங்க சபையில அறுப்பின் பண்டிகைக்கு ஒரு பூசணிக்காய் ஏலம் போனாக்கூட தொகை கணக்குல ஏறும், வருஷக் கூட்டத்துல வாசிப்பாங்க, கேள்வி கேக்கவும் ஆள் இருக்கும். பெரிய சபைகள் யோக்கியம்னு சொல்ல வரல, திருமண்டலத் (பல சபைகள் சேர்ந்த நிர்வாகம்) தேர்தல் சண்டை ஐகோர்ட் வரை போறது ஊருக்கே தெரியும். ஆனா அங்கே சண்டை போடவாவது ஒரு கமிட்டி இருக்கு. இங்கே பாஸ்டர், அவர் மனைவி, மச்சினன், அவ்வளவுதான் டிரஸ்ட். எருசலேம் ஏழைகளுக்குத் தர்மப்பணம் சேர்த்த பவுலே, யாரும் குறை சொல்லக்கூடாதுன்னு கூட ஆள் சேர்த்து அனுப்பினார். இவருக்கு மச்சினன் போதுமாம்.

போலீஸ் கதை தனி. இந்தப் பக்கத்து ஸ்டேஷன்ல, "ஆபீஸ் கேரளாவுலதானே, அங்கே போங்க." அந்தப் பக்கத்து ஸ்டேஷன்ல, "பைசா கொடுத்தது தமிழ்நாட்டுலதானே." எல்லைக்கு இந்தப் பக்கம் வசூல், அந்தப் பக்கம் ஆபீஸ். இதைத் தெரிஞ்சேதான் செஞ்சிருக்கார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில இருக்கிற புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிஎன்எஸ்எஸ் 173-வது பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் புகாரைப் பதியணும்னு வக்கீல் சொன்னார். எல்லையில இருக்கிறவங்க இந்த நம்பரை மறக்காதீங்க.

எப்படித் தப்பிக்கணும்னு விரிவா எழுதத்தான் உக்காந்தேன், முடியல. ரொக்கமாக் குடுக்காதீங்க. ரசீதுல எதுக்குன்னு எழுதியிருக்குன்னு அங்கேயே வாசிங்க. மானியத்தை நாங்க வாங்கித் தாரோம்னா எழுந்து போயிடுங்க. வாய்ஸ் மெசேஜை அழிக்காதீங்க.

இதே ஆள்கிட்ட 85,000 குடுத்தவங்க இன்னும் இருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். ரசீதோட இன்பாக்ஸ்ல வாங்க. திங்கக்கிழமை நாகர்கோவில் எஸ்பி ஆபீஸ்ல சேர்ந்து மனு குடுப்போம்.