சிசேரியன் தையல்: பின்னா, கரையும் நூலா?

முதல் பிரசவத்தில் எனக்கு ஸ்டேப்ளர் பின் அடித்தார்கள், இரண்டாவதில் கரையும் நூல். இரண்டும் புதுச்சேரியில். வீடு கடலூர் மஞ்சக்குப்பம். இப்போது யார் கேட்டாலும் நூல் என்றே சொல்கிறேன்.

பின் வேகமானது. நூல் போட்டால் ஆபரேஷன் ஏழெட்டு நிமிடம் கூடும். தழும்பு, செலவு இரண்டிலும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

வித்தியாசம் எல்லாம் பின் எடுக்கும் நாளில்தான். பக்கத்து கிளினிக்கில் பின் எடுக்கும் கருவி கிடையாது. ஏழாம் நாள், கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, கன்னியக்கோயில் வழியாகப் புதுச்சேரிக்கு பஸ். ஒவ்வொரு வேகத்தடைக்கும் வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டே போனேன். பின்னை எடுத்த மறுநாள் வலது ஓரம் நக அகலத்துக்கு வாய் பிளந்து நீர் கசிந்தது. சித்திரை வெயில், வயிற்று மடிப்பில் ஓயாத வியர்வை. இரண்டு வாரம் தினமும் கட்டு மாற்றினோம்.

பின் தோலை மேலிருந்து மட்டும்தான் சேர்த்துப் பிடிக்கிறது. தோல் ஒட்டுமுன் எடுத்துவிட்டால் பிடிக்க ஒன்றும் இல்லை. மோனோக்ரில் மாதிரியான கரையும் நூல் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. பிடிப்பு முழுதும் போக மூன்று வாரம் போல ஆகும், அதற்குள் காயம் ஒட்டிவிடும். பிரிக்க யாரையும் தேடிப் போக வேண்டாம். 746 சிசேரியன் பெண்களிடம் நடந்து 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வில், காயத்தில் சிக்கல் வந்தது நூல் போட்டவர்களில் 4.9 சதவீதம், பின் அடித்தவர்களில் 10.6. ஒன்று சொல்லியாக வேண்டும்: அந்த இடைவெளிக்குப் பெரும் காரணம் காயம் பிளந்ததுதான், சீழ் அல்ல. ஆனால் பிளந்த காயத்தை இந்த வியர்வையில் சுத்தமாக வைத்திருப்பது என்ன பாடு என்று எனக்குத் தெரியும்.

பின்னுக்கும் இடம் உண்டு. சீழ் கட்டினால் இரண்டு பின்னை மட்டும் எடுத்து வடிய விடலாம். குடல் வெடித்து வருகிற அவசர ஆபரேஷனில் டாக்டர்கள் அதை விரும்புவது அதனால்தான். தோலை ஒட்டும் பசை எனக்குப் போட்டதில்லை, அதனால் அதைப் பற்றிச் சொல்ல மாட்டேன்.

அப்புறம், தையல் எதுவானாலும் கத்தி வைக்கும் முன்பே ஆன்டிபயாடிக் ஊசி போட்டாக வேண்டும். ஆபரேஷன் செய்யும் இடத்து முடியை ரேசரால் மழிக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2016லேயே சொல்லிவிட்டது. இரண்டாவது தடவை அட்மிஷன் அன்றே இந்த இரண்டையும் நர்ஸ் அக்காவிடம் கேட்டேன், அவரும் பொறுமையாகப் பதில் சொன்னார்.