ஊரில் ஒரு 911, ஒரு வேகத்தடை, ரெண்டு சென்ட்ரிங் பலகை

இந்த முறை கோயமுத்தூர்ப் பயணத்தில் முக்கால்வாசி வேலை ஒழுங்காகவே முடிந்தது. பேங்க், ஆதார், பல் டாக்டர், அம்மாவின் பென்ஷன் விவகாரம் எல்லாம் நல்லபடி. நல்லபடி நடந்ததை எழுதினால் யார் படிப்பது? ஒரு வேகத்தடையைப் பற்றித்தான் எழுத வேண்டும். இங்கிலாந்துக்குத் திரும்பி வந்து ஆபீஸில் ஒருவர் விடாமல் சொல்லிப் பார்த்துவிட்டேன், யாருக்கும் புரியவில்லை. உங்களுக்குப் புரியும்.

விஷயத்துக்கு முன்னால் கொஞ்சம் கதை. ரொம்ப நாளாக ஒரு போர்ஷே 911 வாங்கும் ஆசை. பிள்ளைகள் காலேஜ் முடித்துவிட்டார்கள், வீட்டுக் கடனும் முடியப் போகிறது, இப்போது வாங்காமல் எப்போது என்று வீட்டில் பேசிப் பேசி அனுமதியும் வாங்கியாகிவிட்டது. ஆர்டர் போடும்போது கூடுதலாகக் காசு கொடுத்துச் சேர்க்கும் சாமான்களின் பட்டியல் ஒன்று தருவார்கள். அதில் ஒரு வரி முன் அச்சு லிஃப்ட். பட்டனை அமுக்கினால் முன் சக்கர சஸ்பென்ஷனில் எண்ணெய் அழுத்தம் ஏறி, வண்டியின் மூக்கு சுமார் 4 சென்டிமீட்டர் உயரும். மணிக்கு 35 கிலோமீட்டர் வேகம் வரைக்கும்தான் அது வேலை செய்யும். விலையோ ஆயிரம் பவுண்டைத் தாண்டுகிறது. நாலு சென்டிமீட்டருக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேலா என்று கை தயங்கியது. வாங்கும்போதே சேர்த்தால்தான் உண்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் செலவு எங்கேயோ போய் நிற்கும்.

ஊரில் பெரியப்பா மகன் அண்ணா ஒருத்தர் ஃபவுண்டரி வைத்திருக்கிறார். அவரிடம் லிஃப்ட் போட்ட 911 இருக்கிறது. சரி, ஊர் ரோட்டில் தேறினால் உலகத்தில் எங்கேயும் தேறும் என்று முடிவை அதுவரை தள்ளிப்போட்டேன்.

கணக்கு தெரிந்தவர்களுக்கு ஒரு சங்கதி. நம் நாட்டில் வேகத்தடைக்கு விதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சாலைகளுக்கு விதி எழுதும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு 1988-லேயே 99-ஆம் எண் வழிகாட்டியை எழுதி வைத்து, 2018-ல் திருத்தியும் இருக்கிறது. அதன்படி பொதுச் சாலையில் வளைந்த மேடு என்றால் அகலம் 3.7 மீட்டர், நடு உயரம் 10 சென்டிமீட்டர், வளைவின் ஆரம் 17 மீட்டர். 25 கிலோமீட்டர் வேகத்தில் நோகாமல் தாண்டும்படி போட்ட கணக்கு அது. 911-க்கு முன் பின் சக்கர இடைவெளி 2.45 மீட்டர். விதிப்படி போட்ட மேட்டில் ரெண்டு அச்சும் ஏறி நிற்கும்போது நடு வயிற்றுக்குத் தேவைப்படும் இடம் நாலரை சென்டிமீட்டர்தான். வண்டிக்கு அடியில் 12 சென்டிமீட்டர் சொச்சம் இருக்கிறது. மேட்டின் ஓரச் சரிவும் 6 டிகிரி அளவுதான். அதாவது ஒழுங்கான இந்திய வேகத்தடையில் லிஃப்ட் பட்டனைத் தேடவே வேண்டாம்.

ஒழுங்கான வேகத்தடையை நான் ஊரில் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடையே கூடாது என்று மத்திய அமைச்சகம் 2016-லேயே சொல்லிவிட்டது. அதனாலோ என்னவோ, இருக்கிற மேடெல்லாம் கிளை ரோட்டுக்கு வந்து குடியேறிவிட்ட மாதிரி இருக்கிறது. ஒரு விபத்து நடக்கும், அக்கம்பக்கத்தார் மறியல் செய்வார்கள், அடுத்த நாள் காலையில் மீந்துபோன கலவையைக் கொட்டி ஒரு மேடு எழும்பியிருக்கும். அகலம் ஒரு மீட்டர் இருந்தால் பெரிசு. பெயின்ட் கிடையாது, போர்டு கிடையாது.

சம்பவம் நடந்தது பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போகிற வழியில். நம் பக்கத்துக் கல்யாணம், நாலரை - ஆறு முகூர்த்தம், கேட்கவா வேண்டும். அண்ணி, அம்மா, சீர்த் தட்டுகள் எல்லாம் இன்னோவாவில் மூன்று மணிக்கே போய்விட்டன. நானும் அண்ணாவும் 911-ல் பின்னால் கிளம்பினோம். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு அந்த சீட்டில் இறங்கி உட்காருவதே தனி வித்தை. வழியில் இருந்த மேடுகளுக்கெல்லாம் அண்ணா பட்டனைத் தட்டினார், மூக்கு நிதானமாக எழும்பியது, தாண்டினோம். அந்தச் சில விநாடி பொறுக்காமல் பின்னால் ஹாரன். இங்கிலாந்தில் வருஷம் முழுக்கக் கேட்கிற ஹாரனை அந்த ஒரு மணி நேரத்தில் கேட்டேன்.

மெயின் ரோட்டிலிருந்து மண்டபத்துக்குத் திரும்பும் இடத்தில்தான் அந்த மேடு. பட்டனை அமுக்கி, ஊர்ந்து, முன் சக்கரம் ஏறி இறங்கியது. அப்பாடா என்று அண்ணா மூச்சு விட்டார். அதே நேரம் சீட்டுக்கு அடியில் ஒரு சத்தம். கான்கிரீட்டில் பிளாஸ்டிக்கைத் தேய்த்தால் எழும்புகிற, பல்லைக் கூச வைக்கும் சத்தம். வண்டி நின்றது. முன் சக்கரம் மேட்டுக்கு அக்கட்டால, பின் சக்கரம் இக்கட்டால, நடு வயிறு மேட்டின் உச்சியில்.

லிஃப்ட் விளம்பரங்களில் வராத விஷயம் இது. தூக்குவது முன் அச்சை மட்டும். மூக்கு 4 சென்டிமீட்டர் உயர்ந்தால் நடு வயிறு உயர்வது அதில் பாதி. 12 சென்டிமீட்டர் 14 ஆகும். எதிரே இருந்த மேட்டின் உயரம் 15. ஒரு சென்டிமீட்டர் போதாமல் வண்டி அடி தட்டிவிட்டது. ஸ்விஃப்டின் தரை இடைவெளி 16.3 சென்டிமீட்டர், கிரெட்டாவுக்கு 19. மேடு போட்டவர் அளவெடுத்துப் போட்ட மாதிரி அவை தப்பித்துவிடும். அப்பாவின் அம்பாசடரில் நாங்கள் ஆறேழு பேர் அடைந்துகொண்டு இதைவிட மோசமான பள்ளம் மேடெல்லாம் போயிருக்கிறோம். அந்த வண்டியும் 2014-ல் நின்றுபோயிற்று.

அண்ணா ரோட்டோர உதவிக்குப் போன் போட்டார். எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை. முதலில் இந்தி, அப்புறம் ஆங்கிலம், நாலாவது முயற்சியில் தமிழ். "வண்டி ஸ்டார்ட் ஆகுதுங்களா சார்?" ஆகிறது. "அப்போ பிரேக்டவுன் இல்லையே சார்?" இல்லை, வேகத்தடை மேல் நிற்கிறது. "விபத்துன்னு போட்டுக்கட்டுங்களா?" விபத்தும் இல்லையப்பா. அந்தப் பையனின் கம்ப்யூட்டரில் மூன்றாவதாக ஒரு கட்டம் இல்லை போலிருக்கிறது. கடைசியில் லேண்ட்மார்க் கேட்டு, வண்டி ஏற்றும் லாரி வர ஒன்றரை மணி நேரம் என்றான். லொக்கேஷன் அனுப்பியிருக்கிறோம், பிறகெதற்கு லேண்ட்மார்க்? இங்கிலாந்திலும் மழையில் மோட்டார்வே ஓரம் வண்டிக்காக மணிக்கணக்கில் நின்றிருக்கிறேன். ஆனால் அங்கே லாரி எங்கே வருகிறது என்று போனில் ஒரு புள்ளி நகர்ந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே நனையலாம். இங்கே அதுவும் இல்லை. பின்னால் ஒரு பால் வண்டி, அதற்குப் பின்னால் முதல் டவுன் பஸ். முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம்.

ரோட்டுக்கு எதிரே டீக்கடை ஷட்டர் பாதி ஏறியது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். வண்டியையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. நேராக ரோட்டில் குப்புறப் படுத்து, செல்போன் டார்ச்சை அடியில் அடித்தார்.

"ஒன்னும் ஒடையலீங். தட்டுதான் ஒரசிருக்கு. பொறத்தால ரெண்டு விரக்கடை எடம் இருக்குங். பலகை எடுத்தாரட்டுங்களா?"

"பலகையா?"

"வாரத்துக்கு ரெண்டு வண்டி மாட்டுதுங்ணா. பழைய சிட்டி, மாடல் மாத்துன வண்டி, ஒருக்கா மாப்பிள்ளை காரே மாட்டுச்சுங்."

கடைக்குப் பின்னாலிருந்து ரெண்டு சென்ட்ரிங் பலகை வந்தது. சிமென்ட் காய்ந்து வெளுத்த, ஒன்றரை அங்குலத் தடிமன் பலகைகள். முனைகளைச் சரிவாக இழைத்து வைத்திருந்தார், டயர் சுலபமாக ஏற வேண்டும் என்று. அதைப் பார்த்ததும்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. மனிதர் தொழில் முறையில் இறங்கியிருக்கிறார்.

முதலில் என்னை இறங்கச் சொன்னார். "கனம் கொறைஞ்சா அரை விரக்கடை எந்திரிக்குங்." என் எடையைப் பற்றி வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் வருத்தப்பட்டிருப்பேன். பிறகு முன் சக்கரத்துக்குப் பின்பக்கம் பலகையைச் செருகி, லிஃப்டை இறக்காமல் அப்படியே பின்னால் வரச் சொன்னார். பஸ் டிரைவரைப் பார்த்துக் கையை மட்டும் காட்டினார், பஸ் பின்வாங்கியது. நாங்கள் அரை மணி நேரம் கேட்டிருந்தாலும் நடந்திருக்காது. வண்டி பலகை மேல் ஏறி, மேட்டை விட்டுப் பின்னால் இறங்கியது. அப்புறம் ரோட்டின் வலது ஓரத்துக்கு ஒதுக்கி, மேட்டின் இடது முனையைப் பார்த்து வண்டியைத் திருப்ப வைத்தார்.

"குறுக்கால ஏத்துங்ணா. ஒரே நேரத்துல ரெண்டு சக்கரமும் ஏறக்கூடாது. ஒன்னொன்னா ஏறோணும். சித்தெ இருங், பலகை போட்டுக்கறேன்."

முதலில் வலது முன் சக்கரம். அப்புறம் இடது. நடு வயிறு மேட்டின் மேல் வரும்போது இறங்கிய சக்கரங்கள் ரெண்டும் பலகை மேல் இருக்கும்படி அவரும் பால் வண்டிப் பையனும் ஆளுக்கொரு பலகையாக நகர்த்திக்கொண்டே வந்தார்கள். அடியில் டார்ச் வெளிச்சம். "வாங், வாங், வாங்... நிறுத்துங். இப்ப வாங்." சத்தமே இல்லாமல் தாண்டியது. பஸ்ஸிலிருந்து யாரோ விசில் அடித்தார்கள்.

அண்ணா ஐந்நூறு ரூபாய் நீட்டினார். அவர் நூறு மட்டும் எடுத்துக்கொண்டு பாக்கியைத் திருப்பினார். "காருக்கு நூறுங். அதான் ரேட்டு." ரேட்! அந்த உதவிக் கம்பெனிக்கு அண்ணா வருஷா வருஷம் கட்டும் தொகையை நினைத்துப் பார்த்தேன். தாலி கட்டுவதற்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மண்டபத்தில் நுழைந்தோம். அந்த லாரிக்காரர் நாங்கள் பந்தியில் இருக்கும்போது போன் செய்து லேண்ட்மார்க் கேட்டார்.

இதை வைத்து லிஃப்ட் வீண் என்று சொல்லிவிட முடியாது. கோயமுத்தூரில் ஹோட்டல், மால், அப்பார்ட்மென்ட் என்று எங்கே போனாலும் அடித்தளப் பார்க்கிங்குக்கு ஒரு ரேம்ப் இருக்கிறது. செங்குத்தாகத் தொடங்கும் அந்த இடத்தில் முட்டுவது மூக்குதான், வயிறு இல்லை. அங்கே லிஃப்ட் நன்றாகவே வேலை செய்கிறது. மூக்கு முன் சக்கரத்தைத் தாண்டி ஒரு மீட்டர் போல நீட்டிக்கொண்டிருக்கும் வண்டிக்கு 4 சென்டிமீட்டர் என்றால், ஏறும் கோணத்தில் 2 டிகிரிக்கு மேல் கிடைக்கிறது. கேட்க அற்பமாக இருக்கும். முட்டுவதும் முட்டாததும் அந்த ரெண்டு டிகிரியில்தான். ஒரு ஹோட்டலில் சாவியை வாங்கிய வேலே பையன், "லிஃப்ட் இருக்குங்களா சார், பட்டன் நடுவுலயா?" என்று கேட்டான். இங்கிலாந்தில் எந்தப் பார்க்கிங்கிலும் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அங்கே கேட்க ஆளே கிடையாது, மெஷின்தான்.

இப்போதைய 911-ல் லிஃப்டுக்கு ஜி.பி.எஸ். ஞாபகமும் உண்டு. ஒரு இடத்தில் ஒரு முறை பதிந்துவிட்டால் அடுத்த முறை தானே தூக்கிக்கொள்ளும். இங்கிலாந்துக்கு அருமையான வசதி. அங்கே 1999-ஆம் வருஷ விதிப்படி மேடு 10 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, வைத்த மேடு வைத்த இடத்தில் வருஷக்கணக்கில் இருக்கும். ஊரில் அப்படியா? மந்திரி வருகிறார் என்றால் ராத்திரியோடு ராத்திரியாக மேட்டைச் செதுக்கிவிடுகிறார்கள், போன பிறகு பத்தடி தள்ளி மறுபடி முளைக்கிறது. அண்ணாவின் வண்டி மேடே இல்லாத ஒரு இடத்தில் பயபக்தியோடு மூக்கைத் தூக்கியதை நானே பார்த்தேன்.

நான் லிஃப்டுக்கு டிக் போட்டுவிட்டேன். என் வீட்டு வாசல் சரிவில் தினம் ரெண்டு தரம் முன் பம்பரைத் தேய்த்துக்கொண்டிருந்தால் வாங்கிய சுகமே போய்விடும். ஒரே சரிவு, ஒரே கோணம், தினமும் உண்டு, அதற்கு அந்தக் காசு தகும். வாசல் சமமாக இருந்து, வேலைக்கும் ரயிலில் போகிறவராக இருந்தால் அந்தப் பணத்தை நல்ல டயருக்குப் போடுங்கள். ஊரில் இருப்பவர்கள் லிஃப்ட் இல்லாமல் இந்த ரக வண்டியை வாங்கவே வேண்டாம். இருந்தாலும் ரேம்புக்கு மட்டும்தான் அதை நம்பலாம்.

போன வாரம் அண்ணா வாட்ஸாப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். ஃபவுண்டரியில் வார்ப்புக்கு மர மாதிரி செய்யும் பேட்டர்ன் கடையில் தேக்குப் பலகை ரெண்டு, நடுவில் கீல் வைத்து மடிக்கும்படி செய்ய வைத்திருக்கிறார். 911-ன் முன் டிக்கி 132 லிட்டர்தான், நீளப் பலகை அதில் கொள்ளாது. முனைகளை அந்த டீக்கடைக்காரர் மாதிரியே சரிவாக இழைக்கச் சொன்னாராம்.