லண்டன் ஃபிளாட் லீஸ்: நோட்டீஸ் கொடுப்பதா, பேசி முடிப்பதா, காத்திருப்பதா?

ஹாரோவில் இருக்கும் தம்பி ஒருவர் ஜனவரியில் ஒரு கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பினார். அவருடைய ஃபிளாட்டின் ஃப்ரீஹோல்டர் (நிலத்துக்கும் கட்டடத்துக்கும் சொந்தக்காரர்) சார்பில் ஏஜென்ட் எழுதியது. "அண்ணா, 9,000 பவுண்டுக்கு லீஸை மறுபடி 99 வருஷம் ஆக்கித் தர்றாங்களாம். 28 நாளுக்குள்ள பதில் சொல்லணுமாம். கையெழுத்துப் போட்டுடவா?"

லீஸ் என்பது இத்தனை ஆண்டு என்று குறித்த உரிமை; அது முடிந்தால் ஃபிளாட் ஃப்ரீஹோல்டரிடமே திரும்பும். அதனால் முதலில் லீஸ் பத்திரத்தை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். "2007 ஜூன் 24 முதல் 99 ஆண்டுகள்" என்று இருந்தது. 2016இல் வாங்கியதால் அப்போதிருந்துதான் கணக்கு என்று அவர் நினைத்திருந்தார். அப்படி இல்லை. முன்பு யாரிடம் இருந்தாலும் லீஸ் 2007இலிருந்தே தேய்கிறது. 2026 ஜூன் 24 தாண்டினால் மீதி 80 ஆண்டுக்குக் கீழே போய்விடும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் லீஸ்ஹோல்ட் ஃபிளாட் வைத்திருப்பவருக்கு இந்த 80தான் பெரிய எல்லைக்கோடு. லீஸை நீட்டினால் ஃபிளாட்டின் மதிப்பு ஏறும் அல்லவா? அந்த ஏற்றத்துக்கு மேரேஜ் வேல்யூ என்று பெயர். 80 ஆண்டுக்குக் குறைவாக மீதி இருந்தால் அதில் பாதி ஃப்ரீஹோல்டருக்குப் போகும். 80க்கு மேல் இருந்தால் அந்தக் கணக்கே கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீண்ட லீஸோடு 3,50,000 பவுண்ட் போகும் ஃபிளாட், கிரவுண்ட் ரென்ட் (ஃப்ரீஹோல்டருக்குக் கட்டும் நில வாடகை) ஆண்டுக்கு 250 என்று வைத்துக்கொள்வோம். எதிர்காலத்தில் ஃபிளாட் தன் கைக்குத் திரும்புவதன் மதிப்பை ஃப்ரீஹோல்டர் 5 சதவீதத்தில் தள்ளுபடி செய்து கணக்கிடுவது வழக்கம். வாடகைக்கு 6 சதவீதம் வைத்தால், 80 ஆண்டும் சில மாதமும் மீதி இருக்கும்போது லீஸை நீட்டும் விலை சுமார் 11,000. மீதி 79 ஆனதும், குறுகிய லீஸில் ஃபிளாட்டின் மதிப்பு 3,22,000 என்று எடுத்தால், சுமார் 20,000. ஃபிளாட்டில் ஒரு ஆணிகூட மாறவில்லை, தேதி மட்டும்தான் மாறியது. மதிப்புப் போடும் சர்வேயருக்கு சர்வேயர் எண்கள் கொஞ்சம் வேறுபடும். அந்தத் தாவல் மட்டும் மாறாது.

சரி, அந்தக் கடிதத்துக்கு வருவோம். 9,000 என்பது 11,000ஐவிடக் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் என்ன கிடைக்கிறது? 80ஐ 99 ஆக்கினால் கிடைப்பது வெறும் 18 ஆண்டு சொச்சம். 250 பவுண்ட் வாடகையும் நிற்காது. 2022இல் வந்த கிரவுண்ட் ரென்ட் சட்டம் நீட்டித்த ஆண்டுகளுக்கு வாடகை கேட்பதைத் தடுக்கிறது, பழைய லீஸில் மீதி இருக்கும் காலத்துக்கு வாங்க விடுகிறது. 80 ஆண்டு, ஆண்டுக்கு 250, ஆக 20,000 பவுண்ட். பத்தொன்பது ஆண்டு கழித்து அதே 80இல், அதே பேரத்தில் மறுபடி நிற்க வேண்டும். இதைச் சலுகை என்று எழுதி, 28 நாள் கெடுவும் வைத்து அனுப்புவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. சட்டம் அப்படி எந்தக் கெடுவும் வைக்கவில்லை.

சட்டவழி என்பது 1993ஆம் ஆண்டு லீஸ்ஹோல்ட் சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி ஃப்ரீஹோல்டருக்கு நீங்கள் கொடுக்கும் நோட்டீஸ். மீதி இருக்கும் காலத்தோடு இன்னும் 90 ஆண்டு சேரும். புது லீஸ் கைக்கு வந்ததும் கிரவுண்ட் ரென்ட் பூஜ்யம். தம்பிக்கு 80 என்பது 170 ஆகும். வேறு ஷரத்துகளை ஃப்ரீஹோல்டர் இஷ்டத்துக்கு நுழைக்க முடியாது. மிக முக்கியமானது, நோட்டீஸ் கொடுத்த தேதியிலேயே கணக்கு உறைந்துவிடும். பேச்சு ஓராண்டு இழுத்தாலும் மீதி ஆண்டு குறையாது. ஃபிளாட் வாங்கி இரண்டு ஆண்டு ஆகியிருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையும் 2025 ஜனவரி 31 முதல் இல்லை.

செலவு உண்டு. உங்கள் சொலிசிட்டர், உங்கள் சர்வேயர், அதோடு ஃப்ரீஹோல்டரின் நியாயமான சட்டச் செலவும் மதிப்பீட்டுச் செலவும் உங்கள் தலையில். நோட்டீஸில் சொன்ன தொகையில் 10 சதவீதம் டெபாசிட்டும் கேட்கலாம். சில ஆயிரங்கள் ஆகும் என்பதால்தான் பலர் பேசி முடிக்கும் வழிக்குப் போகிறார்கள்.

பேசி முடிப்பது எப்போதும் தப்பு என்று சொல்ல மாட்டேன். நான்கு ஃபிளாட் உள்ள ஒரு வீட்டில் ஃப்ரீஹோல்ட் அந்த நான்கு பேரின் கம்பெனியிடமே இருந்தால், நோட்டீஸ் எதற்கு? ஒரு சொலிசிட்டர், 999 ஆண்டு, முடிந்தது. முகம் தெரியாத முதலீட்டு நிறுவனம் என்றால் கதை வேறு. கையெழுத்தாகும் கடைசி நாள்வரை அவர்கள் விலையை ஏற்றலாம், விலகலாம். அதற்குள் உங்கள் 80 கரைந்துவிடும். நோட்டீஸைக் கொடுத்துவிட்டு அப்புறம் பேசுவதுதான் என் கட்சி. அப்போது பேச்சு முறிந்தாலும் தீர்ப்பாயத்துக்குப் போக உரிமை கையில் இருக்கும்.

மூன்றாவது வழி, எல்லோரும் சேர்ந்து ஃப்ரீஹோல்டையே வாங்குவது. கட்டடத்தின் ஃபிளாட்டுகளில் குறைந்தது பாதிப் பேர் சேர வேண்டும்; இரண்டே ஃபிளாட் என்றால் இரண்டு பேருமே. லீஸ், காப்பீடு, சர்வீஸ் சார்ஜ் எல்லாம் உங்கள் கைக்கு வரும் என்பதால், முடிந்தால் இதைவிட நல்லது இல்லை. ஆனால் வாடகைக்கு விட்டுவிட்டு வேறு நாட்டில் இருக்கும் ஃபிளாட்காரர்களைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பதற்குள் வருடம் ஓடிவிடும். தம்பிக்கு அவ்வளவு நேரம் இல்லை.

காத்திருப்பது? 2024 மே மாதம் நிறைவேறிய சீர்திருத்தச் சட்டம் மேரேஜ் வேல்யூவை ஒழிக்கிறது, நீட்டிப்பை 990 ஆண்டாக்குகிறது. அதை எதிர்த்து ஃப்ரீஹோல்டர்கள் போட்ட வழக்கு 2025 அக்டோபரில் உயர் நீதிமன்றத்தில் தோற்றது. ஆனால் இந்தப் பிரிவுகள், நான் எழுதும்வரை, நடைமுறைக்கு வரவில்லை. லீஸில் 90க்கு மேல் இருப்பவர் நிம்மதியாகக் காத்திருக்கலாம். 65இல் இருந்து, விற்கும் எண்ணமும் இல்லை, வீட்டுக் கடனை மாற்றும் தேவையும் இல்லை என்றாலும் காத்திருப்பதில் நியாயம் உண்டு. மேரேஜ் வேல்யூ போனால் அவருக்குத்தான் அதிக லாபம். 80க்கும் 83க்கும் நடுவில் இருப்பவர் காத்திருப்பது சூதாட்டம். சட்டம் வருவதற்கு முன் கோட்டைத் தாண்டிவிட்டால், நடுவில் விற்க நேர்ந்தால் நஷ்டம் அவருக்கு.

தம்பி ஏஜென்ட்டுக்குப் பதில் போடவில்லை. சர்வேயரை வைத்து மதிப்புப் பார்த்து, மார்ச் முதல் வாரத்தில் நோட்டீஸ் கொடுத்தார். அடிமட்டமாக ஏதோ ஒரு தொகையை எழுதினால் நோட்டீஸே செல்லாமல் போகலாம் என்பதால், சர்வேயர் சொன்ன வரம்பிலேயே ஒரு தொகை. ஃப்ரீஹோல்டர் கவுண்டர் நோட்டீஸ், அதாவது பதில் நோட்டீஸ், கொடுக்கக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். அதற்குப் பிறகு விலை ஒத்துவராவிட்டால், கவுண்டர் நோட்டீஸ் வந்த தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். அதைத் தவறவிட்டால் நோட்டீஸ் காலாவதி, அடுத்த நோட்டீஸ் கொடுக்க 12 மாதம் காத்திருக்க வேண்டும். அவர் லீஸ் அப்போது 80க்குக் கீழே போயிருக்கும். சொலிசிட்டர் பார்த்துக்கொள்வார் என்று விடாமல் அந்தக் கெடுவை நீயே எழுதி வை என்றேன். குளிர்சாதனப் பெட்டிக் கதவில், பிள்ளையின் பள்ளிக்கூட அட்டவணைக்குப் பக்கத்தில், சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறார்.