தொடக்கம் எழுதக் கற்றுத்தரும் பட்டறை: என் மதிப்பீடு

கதைக்கும் கட்டுரைக்கும் தொடக்கம் எழுதுவதைப் பற்றி மட்டுமே ஒரு பிற்பகல் முழுவதும் பட்டறை என்ற அறிவிப்பைக் கண்டதும் பெயர் கொடுத்துவிட்டேன். சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி. கட்டணம் 60 வெள்ளி. உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் எனக்கு இதில் தனி அக்கறை உண்டு. மாணவர் கட்டுரைகளில் பல, கதிரவன் பொற்கதிர்களை வீசுவதில்தான் தொடங்குகின்றன. தேர்வுக்காக மனப்பாடம் செய்த தொடர்கள் அவை. அந்தப் பிள்ளை கண்ட காலை அதில் இருப்பதில்லை.

பயிற்றுநர் கோட்பாடு பேசவில்லை. நாங்கள் கொண்டுபோன முதல் பக்கங்களைத் திரையில் போட்டு வரிவரியாக வாசித்தார். என் பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர் தங்கமுனை விருது என்ற இலக்கியப் போட்டிக்காக எழுதிய கதை, மழையை வேடிக்கை பார்க்கும் ஒரு மூதாட்டியில் தொடங்கியது. பிறகு அவளுடைய இளமை, கம்பத்து (கிராமத்து) வீடு, பிள்ளைகள். நான்காம் பத்தியில்தான் இந்த வரி: "சாவி நுழையாதபோதுதான் மகன் பூட்டை மாற்றியிருப்பது அவளுக்குத் தெரிந்தது." பயிற்றுநர் அங்கே நிறுத்தி, "கதை இங்கே தொடங்குகிறது ஐயா" என்றார். மேலே இருந்த மூன்று பத்திகளிலிருந்து ஒரே ஒரு செய்தியை எடுத்து அடுத்த வரியாக வைத்தார்: கம்பத்து வீட்டில் அவள் கதவைப் பூட்டியதே இல்லை. பெரியவர் உடனே பேனாவை எடுத்துவிட்டார். இந்த ஒரு திருத்தத்துக்கே கொடுத்த பணம் தகும்.

செய்திக்கட்டுரைப் பகுதியும் நன்றாகவே தொடங்கியது. யார், என்ன, எங்கே, எப்போது என்பதை எல்லாம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடும் வழக்கம் ஆங்கிலச் செய்தியிலிருந்து வந்தது. தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், அத்தனையும் அதற்கு முன்னால் குவிந்து வாசகரை மூச்சுத்திணற வைக்கின்றன. "ஜூரோங் வெஸ்ட் வட்டாரத்தில் உள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கட்டடம் ஒன்றின் நான்காம் மாடி வீட்டில் நேற்று மாலை மின்னூட்டம் செய்யப்பட்டுக்கொண்டிருந்த மின்சைக்கிளின் மின்கலத்திலிருந்து மூண்ட தீயிலிருந்து இருவர் உயிர்தப்பினர்" என்ற பயிற்சி வாக்கியத்தை நாங்கள் உடைத்தோம். "வீட்டில் மூண்ட தீயிலிருந்து இருவர் உயிர்தப்பினர். மின்னூட்டத்தில் இருந்த மின்சைக்கிளிலிருந்து தீ பரவியது" என்று வந்தது. இடமும் நேரமும் மூன்றாம் வாக்கியத்துக்குப் போயின. ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஆனால் இதற்கு ஒதுக்கிய நேரம் மிகக் குறைவு. நேர்காணல், பயணக்கட்டுரை, நூல் அறிமுகம் எதையும் தொடவே இல்லை. "கட்டுரைகளும்" என்று அறிவித்துவிட்டு இப்படி விட்டது ஏமாற்றம்தான். வீட்டுக்கு எடுத்துச் செல்லக் குறிப்புத்தாளும் தரவில்லை. 1935இல் தொடங்கிய தமிழ் முரசு நாளிதழின் பழைய இதழ்கள் தேசிய நூலக வாரியத்தின் இணையக் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன; அவற்றிலிருந்து பத்துத் தொடக்கங்களைத் தொகுத்துத் தந்திருந்தாலே பெரிய உதவியாக இருந்திருக்கும்.

கதை எழுதுபவர்கள் தயங்காமல் போகலாம். கட்டுரையாளர்கள் அடுத்த சுற்றின் பாடத்திட்டத்தைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். கையெழுத்துப் பக்கம் திரையில் சரியாகத் தெரியவில்லை. தட்டச்சு செய்து, எழுத்தைப் பெரிதாக்கி எடுத்துச் செல்லுங்கள்.